கொழுந்துக்கு ஒரு தராசு, வைத்தியத்துக்கு எந்தத் தராசு?

(பதுளையில் கூடிய தோட்டத் தலைவர்கள், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மடுல்சீமை, லுணுகலை, பசறை பக்கமிருந்தும், நமுனுகுலை, தெமோதரை, ஸ்பிரிங்வெலி பக்கமிருந்தும், அப்புத்தளை, பூனாகலை, கொஸ்லாந்தை பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள். ஓய்வு நாளில் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்த உங்கள் எல்லோருக்கும் சங்கத்தின் வணக்கம்.

இன்று சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. வைத்தியத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். அதிலும், "வசதி இல்லை, மருந்து இல்லை" என்று மறுபடி குறை சொல்வது இன்றைய நோக்கமல்ல. நமக்குக் கிடைக்கும் வைத்திய சேவை நல்லதா, கெட்டதா, போன வருடத்தைவிட முன்னேறியிருக்கிறதா என்பதை எப்படி அளப்பது என்பதுதான் விஷயம்.

நம்முடைய வேலை எல்லாமே அளக்கப்படுகிறது. கொழுந்து நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கப்படுகிறது. ஈரத்துக்குக் கழிக்கிறார்கள், கூடைக்குக் கழிக்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர் ஆகிவிடும். அந்தக் கணக்குக்குச் செக்ரோல் இருக்கிறது. ஆனால் தோட்டத்து டிஸ்பென்சரி இந்த மாதம் எத்தனை நாள் திறந்திருந்தது? பிரஷர் மாத்திரை எத்தனை நாள் கையிருப்பில் இல்லை? நெஞ்சுவலி வந்தவர் எத்தனை மணி நேரத்தில் டாக்டரைக் கண்டார்? இதற்குச் செக்ரோல் எங்கே?

முதலில் நம்முடைய வைத்தியம் யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் 1872இலேயே தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1912இல் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன: ஒன்று வைத்தியத் தேவைகள் பற்றியது, மற்றது தொழிலாளரின் நோய்கள் பற்றியது. நோயுற்ற தொழிலாளியைக் கவனிப்பதும் லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று அவை சொல்லின. கருணையால் மட்டும் வந்த சட்டங்கள் அல்ல இவை. கப்பலேறி வந்த தொழிலாளி செத்தால் தோட்டத்துக்குக் கை குறையும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் அதன் பலனாக ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. ஊரில் இருப்பவனுக்கு வைத்தியம் அரசாங்கத்தின் பொறுப்பு, தோட்டத்தில் இருப்பவனுக்கு வைத்தியம் துரையின் பொறுப்பு என்றாகிவிட்டது.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. 1990களிலேயே தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று பேசி, சிலவற்றைக் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றார்கள். மற்றவை அப்படியே நின்றுவிட்டன. இன்று தடுப்பூசி, கர்ப்பிணி கிளினிக், பிள்ளைகளின் எடை பார்ப்பது எல்லாம் எம்.ஓ.எச். காரியாலயத்தின் வேலை. காய்ச்சல், வெட்டுக்காயம், முதலுதவி என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி. வயிற்று வலி கூடினால் மாகாணத்துக்குக் கீழ் உள்ள பிரதேச வைத்தியசாலை. அதற்கும் மேலே போனால் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை அல்லது பதுளைப் பெரியாஸ்பத்திரி.

ஒரு நோயாளிக்கு இத்தனை கை. ஒன்று தவறினால் ஒவ்வொரு கையும் மற்றக் கையைக் காட்டும். தோட்டத்தைக் கேட்டால் "அது எம்.ஓ.எச். வேலை" என்பார்கள். எம்.ஓ.எச்.சைக் கேட்டால் "அது தோட்டத்து மருந்து" என்பார்கள். அளவு இல்லாத இடத்தில் பொறுப்பும் இருக்காது. அதனால்தான் அளவு வேண்டும் என்கிறோம்.

எதை அளப்பது என்பதில் ஒரு பழைய பாடம் நம்முடைய தோட்டங்களிலேயே இருக்கிறது. 1916இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கைக்கு வந்து, மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. அந்த நாளில் தோட்டத்துச் சனங்களில் கொக்கிப்புழு இல்லாதவர்களைக் காண்பதே அரிது. இரத்தச் சோகையால் வேலைக்குப் போக முடியாமல் போனது. வந்தவர்கள் மருந்து கொடுத்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணினார்கள். எண்ணிக்கை பெரிதாக இருந்தது. ஆனால் மருந்து குடித்தவர்களுக்கே மறுபடியும் புழு வந்தது. காரணம் என்ன? லயங்களுக்குக் கக்கூசு இல்லை. வெறுங்காலோடு அதே மண்ணில்தான் நடக்க வேண்டும். கக்கூசு கட்டச் செலவழிக்கத் தோட்டங்கள் பின்நின்றன.

மருந்து கொடுத்த தொகையை எண்ணினால் வெற்றி. புழு இல்லாத ஆட்களை எண்ணினால் தோல்வி. ஒரே வேலைக்கு இரண்டு கணக்கு. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான், நோய் ஒவ்வொன்றையும் தனித்தனியாக விரட்டுவதைவிட ஒரு பிரதேசத்தின் முழுச் சுகாதாரத்தையும் ஒரு குழு பார்க்க வேண்டும் என்ற முறை வலுப்பெற்றது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. இன்றைய எம்.ஓ.எச். முறைக்கு அதுதான் தாய். அந்த முறை ஊர்களுக்குச் சீக்கிரம் போனது. தோட்டத்துக்குள் முழுமையாக வருவதற்கு இன்னும் பல பத்து வருடங்கள் பிடித்தன.

1966இல் அவெடிஸ் டொனபேடியன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த விஷயத்தைச் சுலபமாகப் பிரித்துச் சொன்னார். வைத்திய சேவையை மூன்று இடத்தில் அளக்கலாம் என்றார். முதலாவது, என்ன இருக்கிறது: கட்டடம், ஆள், மருந்து, வாகனம். இரண்டாவது, என்ன செய்கிறார்கள்: பிரஷர் பார்த்தார்களா, விளங்கும்படி சொன்னார்களா, மறு தடவை வரச் சொன்னார்களா. மூன்றாவது, என்ன பலன் வந்தது: நோய் குறைந்ததா, பிள்ளை எடை கூடியதா, தாய் உயிரோடு வீடு திரும்பினாளா.

நமக்கு இது நன்றாக விளங்கும். தேயிலை மரம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. உரம் போட்டுக் கவ்வாத்து வெட்டினார்களா என்பது இன்னொரு கேள்வி. கொழுந்து வந்ததா என்பது மூன்றாவது கேள்வி. ஆனால் வைத்தியம் என்று வரும்போது நமக்கு முதலாவதை மட்டும்தான் காட்டுகிறார்கள். புதுக் கட்டடம் திறக்கிறார்கள், பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள். அடுத்த மாதம் உள்ளே யார் இருக்கிறார் என்று யாரும் எண்ணுவதில்லை.

பலனைப் பார்த்தால் நிலைமை என்ன? 1974இல் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, தோட்டங்களில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஒரு வயதுக்கு முன் இறந்தவர்கள் நூறைத் தாண்டினார்கள். நாடு முழுவதும் அந்தக் கணக்கு ஏறக்குறைய ஐம்பதுதான். அந்தக் கொடிய காலத்தை நம்முடைய பெரியவர்கள் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நிலைமை மிகவும் முன்னேறியிருக்கிறது. தடுப்பூசி வந்தது, மருத்துவமாது வந்தார், பிரசவம் லயக்காம்பராவிலிருந்து வைத்தியசாலைக்குப் போனது. இதை நாம் மறைக்கக் கூடாது. நல்லதை நல்லது என்று சொன்னால்தான் கெட்டதைக் கெட்டது என்று சொல்லும்போது கேட்பார்கள்.

ஆனால் இடைவெளி மூடவில்லை. 2006/07இல் அரசாங்கம் எடுத்த சனத்தொகை சுகாதார ஆய்வில், தோட்டத்தில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நூறு பேரில் சுமார் 40 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2016 ஆய்வில் அது சுமார் 32. நாடு முழுவதற்கும் அதே ஆய்வில் சுமார் 17. அதாவது நமது பிள்ளைகளில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட வளர்ச்சி குன்றியிருக்கிறது. நாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரு மடங்கு.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளை வளராததற்கு மருத்துவமாது மட்டும் காரணமில்லை. தாய் கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாள், மலை ஏறிக் கொழுந்து சுமந்தாளா, பிள்ளைக்காம்பராவில் பிள்ளைக்கு என்ன கொடுத்தார்கள், வீட்டில் எத்தனை பேர் ஒரே காம்பராவில் படுக்கிறார்கள், குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எல்லாம் சேர்ந்துதான் பிள்ளையின் உயரம். திரிபோஷ பொட்டலத்தைத் தாய்க்குக் கொடுத்தால், வீட்டில் இருக்கும் நாலு பேரும் பகிர்ந்து சாப்பிடும் வறுமையில் அந்தப் பொட்டலத்தை மட்டும் எண்ணிப் பயனில்லை. ஆகவே பலனை அளக்கும்போது வைத்தியத்தையும் சம்பளத்தையும் வீட்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும்.

கணக்கில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில் கர்ப்பிணிகள் 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்கு 15 பேர் வந்தார்கள். வந்த 15 பேருக்கும் எடை பார்த்து, இரத்தம் பார்த்து, கொப்பியில் எழுதினார்கள். அறிக்கையில் "கிளினிக்குக்கு வந்தவர்களில் நூற்றுக்கு நூறு பேருக்கும் சேவை வழங்கப்பட்டது" என்று வரும். பொய்யில்லை. ஆனால் வராத ஐந்து பேர் யார்? மேல் டிவிஷனிலிருந்து இறங்கி வர முடியாதவர், ஒரு நாள் பேர் போய்விடும் என்று பயந்தவர், முதல் பிள்ளைக்கு வெட்கப்பட்டு மறைத்தவர். சேவை அதிகம் தேவைப்படுகிறவர்கள் அந்த ஐந்து பேருக்குள்தான் இருப்பார்கள். எனவே எந்த வீதத்தைச் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எத்தனை பேரில்?"

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரூக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் இருந்தார். தொழிலாளர் பக்கம் நின்றவர். 1971இல் அவர் ஓர் உண்மையை எழுதினார்: நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று. எழுதியதோடு விடவில்லை. நோயாளி தேடி வரும்வரை காத்திருக்காமல், கிராமத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்த்துப் பதிவு வைத்தார். வராதவரைத் தேடிப் போனார். பல வருடங்களுக்குப் பிறகு பார்த்தபோது, அந்தக் கிராமத்தில் வயதாகுமுன் இறப்பவர்கள் பக்கத்துக் கிராமத்தைவிடக் குறைந்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி கட்டி அவர் இதைச் செய்யவில்லை. பெயர்ப் பட்டியல் வைத்து, விட்டுப்போனவரைத் தேடித்தான் செய்தார்.

நம் நாட்டிலும் நல்ல அளவுக்கு ஓர் உதாரணம் உண்டு. 1985 முதல் தாய் மரணம் ஒவ்வொன்றையும் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவித்ததோடு முடிவதில்லை. வைத்தியசாலையிலும், வீட்டுப் பக்கத்திலும், மாவட்டத்திலும், தேசிய மட்டத்திலும் அந்தத் தாய் ஏன் இறந்தாள், எந்த இடத்தில் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். இந்தப் பகுதி உலகத்தில் தாய் மரணத்தை இலங்கை மிகவும் குறைத்ததற்கு இந்த முறையும் ஒரு காரணம். ஒரு தாயின் மரணத்தை இப்படி ஆராய முடியுமென்றால், அம்பியுலன்ஸ் வராமல் வழியில் இறந்த தகப்பனின் மரணத்தை ஏன் ஆராய முடியாது?

தோழர்களே, இனி நமக்குள் உள்ள விவாதத்துக்கு வருவோம். தோட்ட வைத்தியம் முழுவதையும் அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டும் என்பது நம்முடைய கோரிக்கை. அதில் மாற்றம் இல்லை. நாட்டின் மற்றப் பிரசைகளுக்கு உள்ள உரிமை நமக்கும் வேண்டும். ஆனால் உங்களில் பலர் கேட்கிறீர்கள்: "டிஸ்பென்சரியை மூடிவிட்டால் இராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது? இப்போது நடந்து போகிறோம். அப்புறம் முச்சக்கரவண்டிக்கு யார் காசு கொடுப்பது? ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் கேட்டால் என்ன பதில் சொல்வது?"

இந்தப் பயம் நியாயமானது. பெயர்ப்பலகை மாறினால் வைத்தியம் மாறிவிடாது. ஆகவே நாம் சொல்வது இது: புதிய சேவை திறந்து, ஆளும் மருந்தும் வந்து, ஒழுங்காக நடக்கிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் பழையதை மூடலாம். அதற்கு முன் ஒரு டிஸ்பென்சரியும் மூடப்படக் கூடாது. பொறுப்பேற்பு உடன்படிக்கை எதுவாக இருந்தாலும் அதில் இந்த நிபந்தனை இருக்க வேண்டும். எப்படி அளப்பது? ஐந்து கேள்விகள் போதும்.

ஒன்று, திறந்திருந்த நாள். மாதத்தில் எத்தனை நாள் கதவு திறந்தது, எத்தனை நாள் வைத்தியம் பார்ப்பவர் இருந்தார், பிரஷர், சீனி, ஆஸ்துமா மருந்துகள் எத்தனை நாள் இல்லாமல் போயின.

இரண்டு, நேரம். ஆபத்தில் உயிர் போவதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று சுகாதாரத் துறையினர் சொல்வார்கள்: போவோமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன இடத்தில் கவனிக்கும் தாமதம். எந்தத் தாமதம் என்று எழுதி வையுங்கள். 1990க்கு எத்தனை மணிக்கு அழைத்தீர்கள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, ரோட்டுக்கு எவ்வளவு தூரம் தூக்கி வந்தீர்கள். பாதை உடைந்ததால் வண்டி மேலே வரவில்லை என்றால் அது டாக்டரின் குற்றமல்ல, பாதையின் குற்றம். அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மூன்று, செலவு. அரசாங்க வைத்தியம் இலவசம்தான். ஆனால் போன பேர், முச்சக்கரவண்டிக் கூலி, வெளியில் வாங்கிய மருந்து, வெளியில் எடுத்த இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு?

நான்கு, மொழி. என்ன நோய், மருந்தை எப்படிக் குடிப்பது, எப்போது மறுபடி வருவது என்று தமிழில் விளங்கும்படி சொன்னார்களா? விளங்காமல் வாங்கிய மாத்திரை அரை வைத்தியம்தான்.

ஐந்து, பலன். பிரஷர், சீனி உள்ளவர்களில் எத்தனை பேர் ஒழுங்காக கிளினிக் போகிறார்கள்? கர்ப்பிணிகளில் எத்தனை பேர் எட்டு வாரத்துக்குள் பதிந்தார்கள்? 35 வயதான பெண்களில் எத்தனை பேர் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை செய்தார்கள்? பிள்ளைகளில் எத்தனை பேருடைய எடைக் கோடு கீழே போகிறது? எல்லாவற்றிலும், "எத்தனை பேரில்?" என்பதை மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. ஒரு தோட்டத்தில் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள்தான் பிறக்கும். ஒரு பிள்ளை இறந்தால் வீதம் மலைபோல் ஏறும், அடுத்த வருடம் பூச்சியமாகும். அதை வைத்து இந்தத் தோட்டம் மோசம், அந்தத் தோட்டம் நல்லது என்று சொல்ல முடியாது. சின்ன இடத்தில் மரணத்தை எண்ணாமல், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். வீதம் பார்ப்பதென்றால் பல தோட்டங்களையும் சில வருடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கை. இது தாதியையோ மருத்துவமாதுவையோ மாட்டிவிடுவதற்கான கணக்கு அல்ல. மழையிலும் அட்டைக்கடியிலும் லயம் லயமாக நடக்கும் மருத்துவமாதுவும் ஒரு தொழிலாளிதான். அவருக்குப் பார்க்கக் கூடியதற்கு மேல் சனத்தொகையைக் கொடுத்திருந்தால், அதுவும் நம்முடைய கணக்கில் வர வேண்டும். நோயாளியின் பெயரும் நோயும் கமிட்டிக்கு வெளியே போகவே கூடாது. சம்மதம் இல்லாமல் யாருடைய கொப்பியையும் பார்க்கக் கூடாது.

அரசாங்கத்தின் கையில் உள்ள கணக்கைக் கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரச அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. நமது எம்.ஓ.எச். பிரிவில் மருத்துவமாது பதவிகள் எத்தனை, அதில் வெற்றிடம் எத்தனை, தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த வழியில் கேட்போம்.

இனி வேலைக்கு வருவோம். ஒவ்வொரு தோட்டத்திலும் டிவிஷனுக்கு இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், ஒரு கொப்பி வைத்து இந்த ஐந்து கேள்விகளையும் மூன்று மாதத்துக்கு எழுத வேண்டும். நீலகிரித் தோட்டங்களில் 1971இல் உபாசி என்ற தோட்டக்காரர் சங்கம் தொடங்கிய நலத்திட்டத்திலும், தொழிலாளிகளுக்குள்ளேயே ஆட்களைத் தெரிந்து பயிற்சி கொடுத்து, லயத்துக்கும் டிஸ்பென்சரிக்கும் நடுவே தொடர்பாளர்களாக வைத்தார்கள். முதலாளிமார் தங்கள் தேவைக்கு அதைச் செய்ய முடிந்தது. தொழிலாளர் தங்கள் தேவைக்கு அதைச் செய்ய முடியாதா?

மூன்று மாதம் கழித்துக் கொப்பிகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம். பசறைப் பக்கத்துக்கு வேறு பிரச்சினை, கொஸ்லாந்தைப் பக்கத்துக்கு வேறு பிரச்சினை என்று தெரிய வரும். ஓரிடத்தில் மருந்து, ஓரிடத்தில் பாதை, ஓரிடத்தில் மொழி. எந்தக் கோரிக்கையை எந்த மேசையில் வைப்பது என்று அப்போது தெளிவாகும்: தோட்ட நிர்வாகத்திடம் எது, எம்.ஓ.எச்.சிடம் எது, மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் எது, கொழும்பில் அமைச்சிடம் எது என்று. "வசதி இல்லை" என்று சொன்னால் "பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவார்கள். "இந்தத் தோட்டத்தில் மூன்று மாதத்தில் இத்தனை நாள் பிரஷர் மருந்து இல்லை, இத்தனை பேர் இந்த மருந்தில்தான் வாழ்கிறார்கள்" என்று எழுதிக் கொடுத்தால் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

கொப்பிகள் வெளியே மேசையில் இருக்கின்றன. போகும்போது உங்கள் டிவிஷனுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் டிவிஷனில் எத்தனை குடும்பம், எத்தனை கர்ப்பிணி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை என்று இந்த வாரமே எழுதுங்கள்.